இறக்கிப் பார்க்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களிலும் மின்னஞ்சல்களிலும் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது: புதுசா ஒரு செயலி வந்திருக்காமே, இறக்கிப் பார்க்கலாமா? பாண்டியிலிருந்தும் கடலூர்ப் பக்கமிருந்தும் வந்தவற்றில் சிலவற்றை எடுத்துக்கொண்டேன். பெயர் போட வேண்டாம் என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். பாரபட்சம் எதற்கு என்று யார் பெயரையும் போடவில்லை.

எந்தப் புது ஏஐ தளம் வந்தாலும் அன்றைக்கே கணக்குத் திறந்துவிடுகிறேன் சார். எண்ணிப் பார்த்தால் அறுபதுக்கு மேல் இருக்கிறது, பாதியின் பெயர்கூட ஞாபகமில்லை. நண்பர்கள் "இது ஒரு வியாதிடா" என்கிறார்கள். உண்மையா?
*– கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை*

வியாதி என்றால் எனக்கு இருபது வருஷமாக இருக்கிறது தம்பி, இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன். 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி ஜிமெயில் வந்தது. ஹாட்மெயில் 2 எம்பி, யாஹூ 4 எம்பி என்று கிள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் 1 ஜிபி தருகிறேன் என்று ஒருவன் சொன்னால், அதுவும் அந்தத் தேதியில் சொன்னால், யார் நம்புவார்கள்? ஏப்ரல் ஃபூல் என்றே பல பேர் நினைத்தார்கள். உள்ளே போக ஏற்கெனவே உள்ளே இருப்பவரின் அழைப்பு வேண்டும், அந்த அழைப்பை இணைய ஏலத்தில் காசுக்கு விற்றவர்கள்கூட உண்டு. எனக்குக் கிடைத்தது மிஷன் வீதிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில், பக்கத்து நாற்காலிக்காரர் தானமாகக் கொடுத்தது. முன்பின் தெரியாத மனிதர். அன்று எடுத்த முகவரியில்தான் உங்கள் கேள்வியும் வந்து சேர்ந்திருக்கிறது.

அதே ஆர்வத்தில்தான் 2009-இல் கூகுள் வேவ் என்ற புதுச் சேவையின் அழைப்புக்கும் நாயாய் அலைந்தேன். கிடைத்தது. உள்ளே போய்ப் பார்த்தால் என்ன செய்வதென்றே தெரியவில்லை, என்னைப் போலவே நான்கு பேர் "இது எதுக்குப்பா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தோம். அடுத்த வருஷம் ஆகஸ்டில் அவர்களே கைவிட்டுவிட்டார்கள். ஆக, பத்துக்கு ஒன்று தேறும், ஒன்பது போகும். அதில் ஒரு தப்பும் இல்லை.

தப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அறுபது கணக்கையும் எப்படித் திறந்தீர்கள்? "கூகுள் கணக்கால் உள்ளே வருக" என்ற பொத்தானைத் தட்டித்தானே? அப்படியானால் இன்று ராத்திரியே உங்கள் கூகுள் கணக்கின் அமைப்புகளில் பாதுகாப்பு என்ற பகுதிக்குப் போய், எந்தெந்த வெளித் தளங்களோடு இணைப்பு இருக்கிறது என்ற பட்டியலைப் பாருங்கள். பெரும்பாலானவை உங்கள் பெயரையும் மின்னஞ்சலையும் மட்டும்தான் வாங்கியிருக்கும், பரவாயில்லை. ஒன்றிரண்டு மட்டும் உங்கள் டிரைவைப் பார்க்க, மின்னஞ்சலைப் படிக்க அனுமதி வாங்கி வைத்திருக்கும். அன்றைக்குக் கை வேகத்தில் சரி, சரி என்று தட்டியிருப்பீர்கள். ஞாபகமில்லாத பெயரையெல்லாம் வெட்டிவிடுங்கள். இணைப்பை வெட்டினால் அதற்கு மேல் அவர்கள் பார்க்க முடியாது, ஆனால் ஏற்கெனவே எடுத்தது அவர்களிடம்தான் இருக்கும். அதை அழிக்க அந்தத் தளத்துக்கே போய்க் கணக்கை நீக்கச் சொல்ல வேண்டும். அலுப்பான வேலைதான்.

அப்புறம், சோதனைக்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்ளுங்கள். வங்கி, கல்லூரி, ஆதார் எதற்கும் அதைக் கொடுக்காதீர்கள். ஜிமெயிலில் இன்னொரு தந்திரமும் உண்டு: உங்கள் பெயருக்குப் பின்னால் கூட்டல் குறி போட்டு ஒரு சொல்லைச் சேர்த்துக் கொடுத்தாலும் கடிதம் உங்களுக்கே வரும். ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொரு சொல்லைச் சேர்த்தால், பின்னால் குப்பைக் கடிதம் வரும்போது உங்கள் முகவரியை விற்றவன் யார் என்று தெரிந்துவிடும். சில தளங்கள் கூட்டல் குறியை ஏற்காது. அதற்குத்தான் தனி முகவரி.

"பீட்டா" என்று போட்டிருக்கிறதே, அதற்கு என்ன பொருள்? "அது அரைவேக்காடு, தொடாதீங்கப்பா" என்கிறான் என் மகன்.
*– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மஞ்சக்குப்பம்*

உங்கள் மகன் சொல்வதில் பாதி சரி ஐயா. கிரேக்க நெடுங்கணக்கில் முதல் எழுத்து ஆல்ஃபா, இரண்டாவது பீட்டா. செய்பவர்கள் தங்களுக்குள்ளேயே ஓட்டிப் பார்ப்பது ஆல்ஃபா, வெளியாட்களிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்வது பீட்டா. கல்யாண வீட்டில் பந்தி போடும் முன்னால் யாராவது பெரியவரைக் கூப்பிட்டு உள்ளங்கையில் சாம்பாரை ஊற்றி உப்புப் பார்க்கச் சொல்வார்களே, அதுதான். கூப்பிட்டது உப்புப் பார்க்க, இலை போட்டு உட்கார அல்ல. ஆனால் அந்தச் சொல்லை வைத்து மட்டும் எடை போட முடியாது. ஜிமெயில் ஐந்து வருஷத்துக்கு மேல், 2009 ஜூலை வரை, பீட்டா என்றே போட்டுக்கொண்டிருந்தது. பீட்டா என்று போடாமலே அரைவேக்காட்டைப் பரிமாறுகிறவர்களும் நிறைய.

ஓய்வூதியம், வங்கி, மருத்துவச் சீட்டு சம்பந்தப்பட்ட எதையும் பீட்டாவில் வைக்க வேண்டாம். மற்றதைத் தாராளமாகத் தொடுங்கள். சொல்லப்போனால் உங்களைப் போன்றவர்கள்தான் தொட வேண்டும். புதுச் செயலிகளில் தமிழ் என்று எழுதி வைத்திருப்பதைப் பார்த்தால் உங்கள் கை தானாகச் சிவப்பு மைப் பேனாவைத் தேடும். பிழையைப் படம் பிடித்து, "கருத்துத் தெரிவிக்க" என்ற இடத்தில் அனுப்பிவிடுங்கள். நான் அனுப்பியவற்றில் மூன்று திருத்தப்பட்டிருக்கின்றன. நன்றி என்று ஒரு வரி வரவில்லை, அது போகட்டும்.

பிளவுஸ் டிசைன் போட்டுக் காட்டும் ஒரு செயலி, 7 நாள் இலவசம் என்றது. பிடிக்கவில்லை, மூன்றாம் நாளே போனிலிருந்து எடுத்துவிட்டேன். எட்டாம் நாள் கணக்கிலிருந்து பணம் போயிருக்கிறது அண்ணா. எடுத்த பிறகும் எப்படி?
*– தையற்கடை வைத்திருப்பவர், திருப்பாதிரிப்புலியூர்*

எல்லோரும் விழும் குழி இது அம்மா, நானும் விழுந்தேன். படத்தில் பின்னணியை அழிக்கும் ஒரு சேவை, பெயர் வேண்டாம். ஒரு வருஷச் சந்தாவை மொத்தமாக உருவிக்கொண்டது. அவர்களுக்கு நான் எழுதிய கடிதங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பதில், அதுவும் இயந்திரம் அனுப்பியது.

செயலியை நீக்குவது வேறு, சந்தாவை ரத்து செய்வது வேறு. கடைக்குப் போவதை நிறுத்திவிட்டால் சீட்டுப் பணம் கட்டுவது நின்றுவிடுமா? அந்த மாதிரி. இலவசம் என்று ஆரம்பிக்கும்போதே "தானாகப் பணம் எடுக்க" என்று ஓர் அனுமதி வாங்கியிருப்பார்கள், ஆட்டோபே என்பார்கள். அது வங்கியோடு போட்ட ஏற்பாடு, போனில் செயலி இருக்கிறதா இல்லையா என்று அது பார்க்காது. ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படி எடுக்கும் முன் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால் உங்களுக்குத் தகவல் வர வேண்டும். வந்திருக்கும், ஆனால் கடன் வேண்டுமா, லாட்டரி வேண்டுமா என்று வரும் ஐம்பது குறுஞ்செய்திகளுக்கு நடுவே அதை யார் பார்த்தார்கள்? பெரும்பாலான சந்தாக்களுக்கு 15,000 ரூபாய் வரை ஓடிபி கேட்காமலே எடுக்க அந்த விதியில் இடமுண்டு.

இப்போது செய்ய வேண்டியது: நீங்கள் பணம் அனுப்பப் பயன்படுத்தும் யுபிஐ செயலியைத் திறந்து ஆட்டோபே என்ற பகுதிக்குப் போங்கள். யார் யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று வரிசையாக இருக்கும். அங்கேயே ரத்து செய்யலாம். கூகுள் பிளே ஸ்டோர் வழியாகச் சேர்ந்திருந்தால், ஸ்டோரில் மேலே உங்கள் படத்தைத் தட்டி, சந்தாக்கள் என்ற இடத்தில் பாருங்கள், பணத்தைத் திரும்பக் கேட்கவும் அங்கேயே வழி இருக்கிறது. தாமதிக்காமல் இன்றே கேளுங்கள், நாளாக நாளாக வாய்ப்புக் குறையும். அடுத்த தடவை இலவசச் சோதனையில் சேர்ந்த ஐந்தாம் நிமிஷமே ரத்து செய்துவிடுங்கள். அநேகமாக மீதி நாளும் ஓடும். ஓடவில்லை என்றால் அந்தக் கம்பெனியின் குணம் ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது, நல்லதுதான்.

கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு ஏபிகே கோப்பு வந்தது. திறக்கலாமா?
*– பாகூர்*

கூடாது. பத்திரிகை என்றால் படமாக வரும், பிடிஎஃப் ஆக வரும். ஏபிகே என்பது செயலி, உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டு உங்கள் ஓடிபியைப் படிக்கும். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்திருந்தால் அவர் போன் ஏற்கெனவே போய்விட்டது என்று அர்த்தம், அவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். ஏற்கெனவே திறந்துவிட்டீர்கள் என்றால் முதலில் இணையத்தைத் துண்டியுங்கள், வங்கிக்குச் சொல்லுங்கள், பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

பையன் போனில் விண்டி என்று ஒன்றைக் காட்டுகிறான், கடல் முழுக்கக் கலர் கலராய்க் காற்று ஓடுகிறது. "பத்து நாள் கழிச்சு என்ன காத்துன்னு இப்பவே தெரியும்ப்பா" என்கிறான். இதை நம்பிக் கடலுக்குப் போகலாமா?
*– ஃபைபர் படகு வைத்திருப்பவர், தேவனாம்பட்டினம்*

அண்ணே, இதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் ஒன்று, இணையத்தைப் பார்த்துக் கடலுக்குப் போவது நம் பக்கத்துக்குப் புதுசு இல்லை. 1998-இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது, வில்லியனூரை நடுவாக வைத்து. வீராம்பட்டினத்தில் என்ன செய்தார்கள் என்றால், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை உயர முன்னறிவிப்பை இறக்கி, ஊர் ஒலிபெருக்கியில் தமிழில் வாசித்தார்கள். கைப்பேசியே அபூர்வமாக இருந்த காலம் அது. நல்லவாட்டிலும் அப்படி ஒரு மையம். 2004 டிசம்பர் 26, சுனாமி அன்று காலையில் சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட, ஊரில் அந்த ஒலிபெருக்கியை எடுத்துக் கத்தியதில் சனங்கள் கரையைவிட்டு ஓடித் தப்பினார்கள். அலை வரும் முன்னால் போன் வந்தது, ஒலிபெருக்கி வேலை செய்தது, கேட்டவர்கள் ஓடினார்கள். மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் கதை வேறு.

விண்டி 2014-இல் செக் நாட்டிலிருந்து வந்தது. அது சொந்தமாக வானிலை பார்ப்பதில்லை, பெரிய நிலையங்கள் கணக்குப் போட்டுக் கொடுப்பதைப் படமாக வரைந்து காட்டுகிறது. ஐரோப்பிய வானிலை மையத்தின் கணக்கு ஒன்று, கடலைச் சுமார் 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கிறது. அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் இன்னொன்று, அதன் கட்டம் சுமார் 22 கிலோமீட்டர். பையனிடம் சொல்லி இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், கீழே மூலையில் அந்த வசதி இருக்கிறது. நாளைக்கும் மறுநாளுக்கும் இரண்டும் ஒன்றையே சொன்னால் ஓரளவு நம்பலாம். ஐந்து நாளுக்கு அப்பால் ஒன்று வாடை என்னும், இன்னொன்று கொண்டல் என்னும். பத்தாம் நாள் காற்று என்று பையன் காட்டுவது ஜோசியத்தைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். உங்கள் கழிமுகத்தில் சாயங்காலம் திடீரென்று எழும் காற்று அந்தக் கட்டங்களுக்குள் சிக்காது, அது உங்கள் மூக்குக்குத்தான் தெரியும்.

2024 நவம்பரில் ஃபெஞ்சல் வந்தபோது நானும் ராத்திரி முழுக்க அந்தக் கலர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் புயலாகும் என்றார்கள், அப்புறம் புயலாகவே மாறாது, தாழ்வு மண்டலமாகக் கரை கடந்துவிடும் என்றார்கள். 29-ஆம் தேதி புயலாகிவிட்டது. 30-ஆம் தேதி ராத்திரி பாண்டிக்குப் பக்கத்தில் கரை ஏறி, அங்கேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டது. கரை கடந்த புயல் நகராமல் கொட்டிய மழையில் எங்கள் தெருவே ஏரி. அடுத்து சாத்தனூர் அணை தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி உங்கள் கடலூர்ப் பக்கம் புகுந்ததை நான் சொல்லவா வேண்டும்? இந்திய வானிலைத் துறைக்கே அப்படித் தண்ணி காட்டிய புயல். அப்புறம், நடுராத்திரியில் கரன்ட் போய், டவரும் போன பிறகு என் போனில் விண்டி வெறும் சாம்பல் நிறக் கட்டம்.

அதனால் விண்டி இருக்கட்டும், பாருங்கள், பழகுங்கள். போகலாமா வேண்டாமா என்பதை வானிலைத் துறையின் மீனவர் எச்சரிக்கையும் துறைமுகத்தில் ஏற்றும் கூண்டும்தான் முடிவு செய்ய வேண்டும். மௌசம் என்று வானிலைத் துறையின் செயலியே இருக்கிறது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் அலை உயரமும், மீன் கிடைக்க வாய்ப்புள்ள இடமும் சொல்கிறது. விண்டியில் நீலமாக இருக்கிறதே என்று எச்சரிக்கை நாளில் படகை இறக்க வேண்டாம்.

முந்திரி வியாபாரக் கணக்கை ஒரு இலவசச் செயலியில் இரண்டு வருஷமாக எழுதி வந்தேன். திடீரென்று "சேவை நிறுத்தப்படுகிறது" என்கிறார்கள். எதை நம்பித்தான் எழுதுவது?
*– பண்ருட்டி*

நிறுத்துகிறேன் என்று முன்கூட்டியே சொன்னார்களே, அந்த மட்டும் நல்லவர்கள். ஆர்குட் 2014 செப்டம்பரோடு போனது, கூகுள் ரீடர் 2013 ஜூலையில், கூகுள் ப்ளஸ் 2019 ஏப்ரலில். யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில் மூடியபோது தமிழில் அங்கே நடந்த எத்தனையோ பேச்சும் சண்டையும் அதோடு போயின. "கூ" என்ற நம் நாட்டுச் சமூகத் தளம் 2024-இல். பெரிய கம்பெனி என்றால் மூடாது என்பதும் இல்லை, சின்னக் கம்பெனி என்றால் ஓடிவிடும் என்பதும் இல்லை.

கெடு தேதி எப்போது என்று எழுதவில்லை நீங்கள். எதுவாக இருந்தாலும் இன்றே உள்ளே போய் எக்ஸ்போர்ட், ஏற்றுமதி, பதிவிறக்கம், இப்படி எந்தப் பெயரிலாவது ஒரு பொத்தான் இருக்கிறதா பாருங்கள். சிஎஸ்வி அல்லது எக்செல் ஆக வந்தால் பிழைத்தீர்கள், அதைப் பெரும்பாலான கணக்குச் செயலிகள் படிக்கும். பிடிஎஃப் மட்டும்தான் வருகிறது என்றால் அதையாவது எடுத்து அச்சடித்து வையுங்கள். ஒன்றுமே இல்லையா? ஒவ்வொரு பக்கமாகத் திரையைப் படம் பிடிக்க வேண்டியதுதான். பள்ளிப் பிள்ளைகள் யாராவது இருந்தால் இரண்டு ஐஸ்கிரீமுக்குச் செய்து தருவார்கள்.

அடுத்து ஒரு செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் நாளே மூன்று கணக்கை மட்டும் எழுதி, அதை வெளியே எடுத்துப் பாருங்கள். வெளியே வரவில்லை என்றால் நான்காவதை எழுதாதீர்கள். ஞாயிறு மார்க்கெட்டில் காந்தி வீதி நடைபாதையில் சட்டை எடுக்கிறவர்கள் முன்பக்கம் பார்ப்பதில்லை, உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்ப்பார்கள். நான் அப்படிப் பார்க்காமல் ஒரு குறிப்புச் செயலியில் இந்தப் பத்திக்கான எட்டு மாதக் குறிப்புகளை வைத்திருந்தேன். ஒரு நாள் காலையில் தளமே திறக்கவில்லை, சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்கள். அதிலிருந்து மாதக் கடைசியில் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் எடுத்து, சமையலறை மேல் தட்டில் புளி ஜாடிக்குப் பக்கத்தில் வைக்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள். ஃபெஞ்சல் மழையில் கீழ்த் தட்டுகள் நனைந்தபோது மேல் தட்டு தப்பித்தது.

புதிதாக வரும் ஏஐ தளம் நல்லதா கெட்டதா என்று ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடிக்க வழி உண்டா?
*– ரெட்டியார்பாளையம்*

உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததைக் கேளுங்கள், தெரியாததைக் கேட்காதீர்கள். தெரியாததைக் கேட்டால் எது சொன்னாலும் அறிவாளி மாதிரிதான் தெரியும். நான் வழக்கமாக ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: "ஆனந்தரங்கப் பிள்ளை 1765-இல் தன் நாட்குறிப்பில் என்ன எழுதினார்?" பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்கு துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக முகவராகவும் இருந்த பிள்ளை 1736-இல் எழுதத் தொடங்கினார், 1761 ஜனவரியில் காலமாகிவிட்டார். 1765-இல் அவர் எழுதியிருக்க முடியாது. நல்ல இயந்திரம் அதைச் சொல்லிவிடும். கெட்டது, பஞ்சம், வணிகம், பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்தது என்று சுவையாக ஒரு பக்கம் எழுதித் தரும். படிக்க நன்றாக இருக்கும், அதுதான் ஆபத்து. இரண்டாவது கேள்வி, "1947 ஆகஸ்ட் 15-இல் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடியை எப்படி இறக்கினார்கள்?" நமக்கு அது நடந்தது 1954 நவம்பர் 1, சட்டப்படி முடிந்தது 1962 ஆகஸ்ட் 16. இந்தக் கேள்விகளை இங்கே அச்சிட்ட பிறகு நானே வேறு கேள்வி தேட வேண்டும், பரவாயில்லை.

போனில் புது அப்டேட் வந்த அன்றே போடலாமா?
*– நெல்லிக்குப்பம்*

பாதுகாப்புத் திருத்தம் என்று சின்னதாக வந்தால் அன்றே. முழு ஆண்ட்ராய்டும் மாறுகிறது என்றால் இரண்டு வாரம் பொறுங்கள், அவசரக்காரர்கள் முதலில் திட்டி முடிக்கட்டும்.

ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறீர்களே, உங்கள் போனில் எத்தனை செயலி இருக்கிறது?
*– பெயரும் ஊரும் எழுதாத வாசகி*

கேட்டுவிட்டீர்களே என்று எண்ணினேன். 94. திறந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆனவை 40-க்குப் பக்கம். நேற்று ராத்திரி உட்கார்ந்து 31-ஐ நீக்கினேன், இந்தப் பத்தியை எழுதி முடிப்பதற்குள் இரண்டு புதிதாக ஏறிவிட்டன. ஒன்று தர்பூசணியைத் தட்டும் சத்தத்தைக் கேட்டுப் பழுத்ததா இல்லையா என்று சொல்லுமாம். பலாவுக்கும் சொல்லுமா என்று பார்க்க எனக்கு ஆசை, பண்ருட்டி வாசகர் கணக்கையெல்லாம் வெளியே எடுத்து முடித்த பிறகு ஒரு பழம் அனுப்பினால் தட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.